இரண்டாவது கியர்

அந்தக் கார் வந்த சனிக்கிழமை எங்கள் தெருவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளசன்டனில் வீட்டுக்கு வீடு சத்தமே போடாத எலக்ட்ரிக் கார்கள்தான். இது தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டு அங்கிள், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டு நடைபாதைக்கு வந்துவிட்டார். சத்தம் அப்படி. லாரியின் உறுமலும் இல்லை, மோட்டார் சைக்கிளின் படபடப்பும் இல்லை. இரும்பை இரும்பு வேகமாக உரசிக்கொண்டே போவது மாதிரி ஒரு கரகரப்பு. என் கணவன் கண்ணாடியை இறக்கிவிட்டு, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான்.

எண்பதுகளின் முதல் பாதியில் செய்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கூபே. இரண்டு கதவு. எழும்பி நிற்கும் உருண்டை முன்விளக்குகள், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. அடர் பழுப்பு நிறம், அங்கங்கே வெயிலில் வெளுத்திருந்தது. சான் ஹோசேயில் அவனோடு வேலை பார்த்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றது.

நானும் அவனும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரி, ஒரே மெக்கானிக்கல் வகுப்பு. அதனால் எங்களுக்குள் நீ, நான்தான். அவன் அம்மா முன்னால் மட்டும் நான் "நீங்க" என்பேன். நான்கு வருடம் லேத், வெல்டிங், தெர்மோடைனமிக்ஸ் என்று படித்துவிட்டு இரண்டு பேரும் சாஃப்ட்வேருக்குப் போனோம். அமெரிக்கா வந்து பதினாறு வருடத்தில் எங்கள் கையில் கிரீஸ் பட்டதே இல்லை. அதனால் அவன் கார் வாங்கியதை நான் எதிர்க்கவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு ஆசை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜையில் அந்தக் காரைத் தவிர வேறு பேச்சு இல்லை. "ஒண்ணு தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். எங்கள் பதினைந்து வயது மகள் உடனே கண்ணை உருட்டுவாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"ஒண்ணு தெரியுமா? இந்தக் காருக்கு முதல்ல வெச்ச பேர் இது இல்ல. மூணு நம்பர், நடுவுல ஜீரோ. ஒரு பிரெஞ்சு கம்பெனி, நடுவுல ஜீரோ வர்ற பேரெல்லாம் எங்களுதுன்னு சண்டைக்கு வந்துச்சு. சரின்னு ஜீரோவ எடுத்துட்டு ஒண்ணு போட்டுட்டாங்க. அதுதான் உலகம் பூரா இப்ப தெரிஞ்ச பேரு."

இன்னொரு நாள் இன்ஜின் கதை. ஜெர்மனியில் சாதாரண ஜனங்களுக்காக ஒரு சின்னக் கார் செய்தார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க அதில் இன்ஜினைப் பின்னால் வைத்தார்கள், தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரவைத்தார்கள். அந்த வழியில் வந்த குடும்பம்தான் இந்த ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தது. அறுபதுகளில் ஆறு சிலிண்டர் போட வேண்டி வந்தபோதும் இன்ஜினை இடம் மாற்றவில்லை. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று, படுத்த நிலையில். பின் சக்கரங்களுக்கும் பின்னால், பம்பருக்குப் பக்கத்தில் அந்தக் கனம் முழுக்கத் தொங்குகிறது.

"அது தப்பான இடம் இல்லையா?" என்று கேட்டேன். ஒரு சுத்தியலைப் பிடித்து எறிந்தால் எந்தப் பக்கம் முன்னால் போகப் பார்க்கும் என்பது எனக்கும் தெரியும்.

"தப்புதான்!" அவனுக்கு அதைச் சொல்வதில்தான் சந்தோஷம். "வளைவுல போகும்போது பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா, பிரேக்க மிதிச்சா, எடை எல்லாம் முன்னால போயிரும். பின்பக்கம் லேசாயி சுத்திட்டு முன்னால வந்துரும். எத்தனையோ பேர் அப்படி மரத்துல போய் மோதியிருக்காங்க. ஒரு காலத்துல முன்பக்க பம்பருக்குள்ள இரும்புக் கட்டி வெச்சு விட்டாங்க, முன்னால கனம் வேணும்னு. அப்புறம் பின் சக்கரத்த ரெண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல பின்னால தள்ளினாங்க. டயர அகலமாக்கினாங்க. இன்ஜின மட்டும் அசைக்கல. தப்பான இடத்துல வெச்சுட்டு, அத சரிபண்ணியே அறுபது வருஷம் ஓட்டிட்டாங்க."

எழுபதுகளின் முடிவில் அந்தக் கம்பெனியே இந்தக் காரை நிறுத்திவிட முடிவு செய்ததாம். முன்னால் இன்ஜின் வைத்த, தண்ணீரால் குளிரும் புது மாடல்கள் வந்துவிட்டன. ஒரு இன்ஜினியரின் அறைச் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கோடு. மற்றக் கோடுகள் நீண்டு போக, இதன் கோடு மட்டும் பாதியில் நின்றிருந்தது. புதிதாக வந்த தலைவர் மார்க்கரை எடுத்து, அந்தக் கோட்டைப் பலகையின் ஓரம் வரைக்கும், ஓரத்தைத் தாண்டிச் சுவரிலும் இழுத்துக்கொண்டே போனாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது அவனே எழுந்து நின்று, எங்கள் டைனிங் ஹால் சுவரில் விரலால் ஜன்னல் வரை கோடு இழுத்துக் காட்டினான். மகள்கூடச் சிரித்துவிட்டாள்.

முதல் வருடம் அப்படி நன்றாகத்தான் போனது.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் ஒரு காலை மூன்று பேரும் கோயிலுக்குக் கிளம்பினோம். ஹீட்டரைத் திறந்ததும் கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. இந்தக் காரில் ஹீட்டர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. புகை போகிற சூடான குழாய்களைச் சுற்றிக் காற்றை ஓட்டி, அந்தச் சூட்டைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். இன்ஜினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அந்தக் குழாய்மேல் விழுந்தாலும் போதும், காருக்குள் உட்கார முடியாது.

"எண்ணெய் கருகுதுப்பா, நிறுத்து."

"எங்க? எனக்கு ஒண்ணும் வரலையே."

பின்னாலிருந்து மகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். அவன் இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு ஹீட்டரை மூடிவிட்டு, ஜலதோஷம் என்றான். நானும் ஜலதோஷம் என்றே நினைத்தேன்.

அதே மாதங்களில்தான் இரண்டாவது கியர் கத்த ஆரம்பித்தது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போதும் "கர்ர்" என்று ஒரு சத்தம், பல்லைக் கடிக்கிற மாதிரி. அந்த வருடங்களில் செய்த இந்தக் கார்களின் கியர்பாக்ஸுக்கே அந்தப் பெயர் உண்டு. கியர் மாறும்போது வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பற்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர சிங்க்ரோ என்று ஒரு வளையம் இருக்கும். இதில் அந்த வளையம் சீக்கிரம் தேயும், எண்ணெய் சூடாகிற வரைக்கும் பொறுமையாகத்தான் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆகவே சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்று அவன் சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

முதலில் கியர் எண்ணெயை மாற்றினான். கத்தியது. கிளட்ச் கேபிளை இறுக்கிப் பார்த்தான், தளர்த்திப் பார்த்தான். கத்தியது. கியர் தண்டும் பெட்டியும் சேருகிற இடத்தில் இருந்த பிளாஸ்டிக் புஷ்களை மாற்றினான். இரண்டு நாள் சரியாக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடி. கோடை முடிந்து அக்டோபரில் ஒருநாள் என்னிடம் வந்து, "கியர்பாக்ஸையே கழட்டிடலாம்னு பாக்கறேன். நீ கூட இருந்தா முடியும்" என்றான்.

அந்த வாரக் கடைசிகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று அப்போது நினைத்தேன். இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் தனியாக எடுக்க வராது. இன்ஜினோடு சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தி, வயர்களையும் குழாய்களையும் ஒவ்வொன்றாக விடுவித்து, எதை எங்கிருந்து கழற்றினோம் என்று நான் சின்ன டேப் ஒட்டி எழுதி வைத்தேன். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து, ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான், "மெதுவா, மெதுவா, நிறுத்து" என்று கால் இன்ச் கால் இன்ச்சாக இறக்கினோம். தரையில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேரும் கராஜ் சிமெண்டிலேயே சாய்ந்து உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி குடித்தோம். என் முழங்கை வரை கருப்பு. அவன் என்னைப் பார்த்து, "லேப் எக்ஸாம்ல கூட நீ இவ்வளவு அழுக்காகலடி" என்றான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு "டி" போட்டான்.

ஜாக்கைத் தூக்கும்போது அவன் இடது கையை அதிகம் கொடுக்கவில்லை. அதைப் பார்த்தேன். தோள்வலி என்றான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தோள்வலி உண்டு.

கியர்பாக்ஸை என் காரின் பின்னால் ஏற்றி சான் ஹோசேயில் ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர் இந்த மாதிரிக் கார்களைத் தவிர வேறு எதையும் தொடாத மெக்கானிக். எங்கள் முன்னாலேயே திறந்தார். இரண்டாவது கியரின் வளையத்தை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார். விளிம்பு இன்னும் நன்றாகவே இருந்தது.

"இது இன்னும் பல வருஷம் வரும். நீங்க சொல்ற சத்தம் இதால வராது" என்றார் ஆங்கிலத்தில்.

"பரவாயில்லை, மாத்திடுங்க" என்றான் என் கணவன்.

"மாத்தறேன். ஆனா உங்க பிரச்சினை இது இல்ல."

"மாத்திடுங்க." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அசடு வழியச் சிரித்தேன். இந்தியர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள் என்று நினைத்திருப்பாரே என வெட்கப்பட்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை.

புது வளையங்களோடு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி முடிக்க ஜனவரி ஆகிவிட்டது. முதல் ஓட்டத்துக்கு அவன் தனியாகப் போனான். திரும்பி வந்தவன், "சூப்பரா இருக்கு" என்றான். முகத்தில் அந்தச் சூப்பர் இல்லை. சமீபத்தில் அவன் முகத்தில் எதுவுமே அதிகம் தெரிவதில்லை. ஆபீஸ் டென்ஷன், லே ஆஃப் பேச்சு, இன்னும் வராத கிரீன் கார்டு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல். மழை பெய்து ஓய்ந்து குன்றுகள் எல்லாம் பச்சையாக இருந்தன. கலவேரஸ் ரோடு பக்கம் ஒரு சுற்று போய்வரலாம் என்று நான்தான் சொன்னேன். மகள் முதலில் வரமாட்டேன் என்றாள், பிறகு வந்து பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சீட்டு குழந்தைகளுக்கே போதாது. நான் முன்னால், அவன் பக்கத்தில்.

அந்த ரோடு குறுகல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சரிவு, வளைவுக்கு மேல் வளைவு. முதல் சில மைல்கள் அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். கியர் கத்தியது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். "வளையம் புதுசுல்லையா, செட் ஆகணும்" என்றான். அதற்குப் பிறகு நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்தேன். இந்தக் காரில் கிளட்ச், பிரேக் பெடல்கள் மேலிருந்து தொங்குவதில்லை; தரையிலிருந்து முளைத்து நிற்கும். அதனால் பாதம் முழுசாகத் தெரியும்.

அவன் வலது கை கியரை நகர்த்துகிறது. இடது கால் அதற்குப் பிறகு கிளம்புகிறது.

முதல் தடவை பார்த்தபோது என் கண்தான் தப்பு என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் அப்படியே. கை சரியான நேரத்துக்குப் போய்விடுகிறது. கால் எங்கோ தூரத்திலிருந்து தகவல் வந்தபிறகு அசைகிற மாதிரி, அரை நொடி தாமதித்து, அதுவும் முழுசாக இறங்காமல். கிளட்ச் பாதியில் நிற்கும்போது கியர் போட்டால் எந்த கியர்பாக்ஸும் கத்தும்.

"ஏய், உன் கால்..." என்று நான் ஆரம்பித்ததும், இடதுபக்கம் இறங்கித் திரும்பும் ஒரு வளைவு வந்ததும் ஒன்றாக நடந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தான். கர்ர் என்று கத்திவிட்டு கியர் விழவில்லை. கார் எந்த கியரிலும் இல்லாமல் உருண்டு வளைவுக்குள் போனது. அவன் பிரேக்கை மிதித்துவிட்டான். யாருக்கெல்லாமோ கதை சொன்னவன், அதைச் செய்யக்கூடாது என்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் பத்துத் தடவை சொன்னவன், மிதித்துவிட்டான். பின்பக்கம் கழன்றதுபோல வெளியே போனது. ஜன்னலில் பச்சைக் குன்று, வானம், ரோடு, மறுபடி குன்று என்று ஓடின. மகள் "அம்மா" என்றது மட்டும் கேட்டது. கார் ஒரு முழுச் சுற்றும் பாதியும் சுற்றி, வந்த பக்கம் பார்த்து, மலைப்பக்கத்து மண்ணில் பின் பம்பரைச் சாய்த்துக்கொண்டு நின்றது. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

யாருக்கும் அடி இல்லை. மகளுக்கு முழங்கால் சீட்டில் இடித்ததோடு சரி. இறங்கிப் போய் அந்தப் பக்கத்துச் சரிவை எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசுவதுபோல ஆடிக்கொண்டிருந்தன. பயத்தில் ஆடும் கை எனக்குத் தெரியும். இது வேறு. இதற்கு ஒரு தாளம் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"நகரு. நான் ஓட்டறேன்" என்றேன்.

இந்தக் காரை நான் அதுவரை ஓட்டியதே இல்லை. திருமணத்துக்கு முன்னால் ஈரோட்டில் அப்பாவின் அம்பாசிடரை ஓட்டியவள். கிளட்ச் என்பது காலுக்கு மறக்காது. சாவி ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம். ரேசில் ஓடிவந்து ஏறுகிறவர்கள் இடது கையால் ஸ்டார்ட் செய்துகொண்டே வலது கையால் கியர் போடலாம் என்று அப்படி வைத்ததாக அவன் சொல்லியிருக்கிறான். ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர். கொஞ்சம் வேகம் வந்ததும் கிளட்ச்சை முழுசாக மிதித்து இரண்டாவது.

சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது.

நம்பாமல் மூன்றுக்குப் போய், தேவையே இல்லாமல் மறுபடி இரண்டுக்கு இறங்கினேன். சத்தம் இல்லை. வீடு வந்து சேருகிற வரை எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் சரியாக விழுந்தது. ஒரே ஒரு தடவை கத்திவிட்டால் போதும் என்று இருந்தது. அவன் பக்கத்துச் சீட்டில் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பயத்துக்கு நடுவிலும் அந்தக் கார் எனக்குப் பிடித்துப்போயிற்று. அது வளைவில் படுத்து எழுகிற விதம், பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரியான அந்த இழுப்பு. அப்படித் தோன்றியதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

கராஜுக்குள் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். யாரும் இறங்கவில்லை.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"தெரியும்னா?"

"பார்க்கின்சன்ஸ்" என்றான். ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னான். "செப்டம்பர்ல டாக்டர் சொல்லிட்டார். வாசனை தெரியாம போச்சே, அதுவே இதோட ஆரம்பமா இருக்கலாம்னு சொன்னார். இடது பக்கம் மெதுவா ஆகிட்டு வருது."

செப்டம்பர். நாங்கள் இன்ஜினை இறக்கியது அக்டோபரில். நான் மனசுக்குள் மாதங்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"அப்ப எதுக்கு அத்தனையும் கழட்டினோம்? நான் டேப் ஒட்டி ஒட்டி எழுதினேனே. உனக்குத் தெரியும், கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்லைன்னு."

"இருக்கலாம்னு நெனச்சேன்." அவன் டாஷ்போர்டைப் பார்த்தபடியே சொன்னான். "கியர்பாக்ஸ்ல ஏதாவது இருந்துரும்னு நெனச்சேன். அப்படி இருந்தா, டாக்டர் சொன்னது தப்புன்னு ஆயிரும்ல."

 அப்போது பின்சீட்டிலிருந்து மகளின் குரல் வந்தது. அவள் இருப்பதையே இரண்டு பேரும் மறந்திருந்தோம்.

"யூ நியூ, அப்பா? யூ நியூ அண்ட் யூ ட்ரோவ் மீ?" தெரிந்தே தன்னை வைத்து ஓட்டியதைத்தான் கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. நான் இறங்கி வழிவிட்டதும் அவள் முன்சீட்டை மடக்கித் தள்ளி, என்னை இடித்துக்கொண்டு இறங்கி உள்ளே போய்விட்டாள். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை முழுக்க நான் கத்தினேன். எனக்குச் சொல்லாமல் மறைத்ததற்காக, அவளைப் பின்னால் வைத்து ஓட்டியதற்காக, அந்த அக்டோபர் வாரக் கடைசிகளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதற்காக. கடைசியாகச் சொன்னதை அவன் புரிந்துகொண்டானா என்று தெரியவில்லை. அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆபீஸில் தெரிந்தால் அடுத்த லே ஆஃப் பட்டியலில் பெயர் வருமோ, வேலை போனால் விசா போய்விடும், கிரீன் கார்டு வரிசையில் இத்தனை வருடம் நின்றது வீணாகும், மகள் கல்லூரி போகிற நேரத்தில் எல்லோரும் பெட்டியைக் கட்ட வேண்டி வரும். "உன்கிட்ட சொன்னா அது உண்மையாயிரும்னு இருந்துச்சு" என்றான். அதற்கு மட்டும் நான் கத்தவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் நானும் போனேன். நியூராலஜிஸ்ட் ஒரு பெண்மணி. விரல்களைத் தட்டச் சொன்னார், பாதத்தைத் தரையில் தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார். வலது கை வீசிக்கொண்டு போனது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு போனது. இருபத்தைந்து வருடமாகப் பக்கத்தில் நடந்தவள், அன்றுதான் பார்த்தேன். கார் சுற்றியதைச் சொன்னோம். கிளட்ச் இருக்கிற கார் இனி வேண்டாம் என்றார். ஆட்டோமேட்டிக் காரை ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று தனியாக ஒரு சோதனைக்கு அனுப்பினார். அதில் தேறினான். மருந்து ஒத்துக்கொண்டது, நடை கொஞ்சம் இலகுவானது. இது எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்றார். அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

மகள் அப்பாவிடம் பேச ஆறு வாரம் ஆனது. பேசியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் சட்டைப் பொத்தானைப் போடத் திணறிக்கொண்டிருந்தபோது, வழியில் போனவள் நின்று போட்டுவிட்டு, "யூ ஷுட் கெட் த ஸ்னாப் ஒன்ஸ்" என்று, அழுத்தினால் மூடிக்கொள்ளும் பொத்தான் வைத்த சட்டை வாங்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவன் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

காரை விற்றது என் முடிவு. "நீ ஓட்டேன், நீ நல்லா ஓட்டற" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். அதில் ஏறி உட்கார்ந்தால் நான் ரோட்டைப் பார்க்கமாட்டேன், பக்கத்து சீட்டில் அவன் காலைத்தான் பார்ப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. டெக்சாஸ், காப்பெலிலிருந்து ஒரு தமிழர் ஃபிளைட் பிடித்து வந்து பார்த்தார். எங்கள் வயதுதான். அடியில் படுத்துப் பார்த்தார், இன்ஜின் சூடானபிறகு எண்ணெய் அளவைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்த காகிதங்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு நல்லா இருக்கிற பாக்ஸ எதுக்குங்க பிரிச்சீங்க? ஏதாவது மறைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவன் சொன்னான். "கார்ல ஒண்ணும் இல்லைங்க. எனக்குத்தான் பார்க்கின்சன்ஸ். கால் லேட்டா போகுது. அது தெரியாம... இல்ல, தெரிஞ்சுதான் பிரிச்சேன்."

எங்களையும் டாக்டரையும் தவிர வேறொரு மனிதரிடம் அவன் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்தவர் கையிலிருந்த காகிதங்களை மடித்தார். ஏதாவது ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. "ஒரு ரவுண்டு போலாமா? நீங்க பக்கத்துல உக்காந்து இந்தக் காரப் பத்திச் சொல்லிட்டு வாங்க" என்றார். இருவரும் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். அடுத்த வாரம் டிரெய்லர் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவன் வாசலுக்கு வரவில்லை, மீட்டிங்கில் இருந்தான். மீட்டிங் உண்மையாகவே இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அவன் அம்மா கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வருகிறார். போன வாரம் ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி உம்முன்னு இருக்குது? அம்மா மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டார்.

இந்த நோயில் முகத்துத் தசைகளும் இறுகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் சிரித்துக் காட்ட முயன்றான். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. திரும்பி என்னைப் பார்த்தான்.

ஐந்து மாதம் மறைத்தாய், பொய் சொன்னாய் என்று ஒரு மாலை முழுக்க அவனிடம் கத்தியவள் நான். ஃபோனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. அவருக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. சரியாத் தூக்கமில்ல, அதுதான்" என்றேன்.

"நல்லாத் தூங்கச் சொல்லும்மா" என்றார் அவர். பிறகு பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எதிர்ச் சோபாவிலிருந்து மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.